மான்களுக்காக இரண்டு ஏக்கர்

எண்ணெய் முகாம், அலாஸ்கா
ஏப்ரல் 9, 1995

அன்புள்ள ஹெல்வி அக்காவுக்கு,

ரூடி எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, மூக்கு நுனி மட்டும் அவ்வப்போது உறைகிறது. உன் முழங்கால் வலி தேவலையா? அங்கே பனி இறங்கிவிட்டதா?

போனில் பேசியிருக்கலாம். ஆனால் முகாமில் நூற்றிருபது பேருக்கு இரண்டு போன். பின்னால் நிற்கிறவன் செருமிக்கொண்டே இருப்பான். அதோடு, போனில் நீ நடுவில் கேள்வி கேட்பாய்.

அப்பா நிலத்தை என் பெயருக்கு எழுதியதில் உனக்கு வருத்தம் என்று தெரியும். உயிரியல் டீச்சர் வேலையை விட்டுவிட்டு வந்து, கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டவள் நீ. அந்த வீடு உன்னுடையது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வரி ஏறிக்கொண்டே போகிறது. விற்றுவிடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். விற்காமல் இருக்க எனக்குத் தெரிந்து ஒரு வழிதான் உண்டு.

டெட்ராய்ட் பக்கம் பிரெவிட் என்று ஒரு பல் டாக்டர், நவம்பர் வேட்டைக்கு இடம் தேடுகிறார். நம் நாற்பது ஏக்கரைப் பார்த்தார், பிடித்திருந்தது. ஆனால் மான் அங்கே நிற்பதில்லை, கடந்து போய்விடுகிறது என்றார். கொட்டகைக்குப் பின்னால் தரிசாகக் கிடக்கிறதே இரண்டு ஏக்கர், அதில் மான்களுக்கென்று பயிர் வை. ஒரு ஏக்கர் குளோவர் புல், ஒரு ஏக்கர் டர்னிப். நமக்கு ஒரு கிழங்குகூட வேண்டாம், முழுக்க அவற்றுக்குத்தான். மான் தங்கினால் அவர் வருஷா வருஷம் வருவார். வீடும் தங்கும்.

விதை தனியாக வரும். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
ரூடி


கார்ஹு ஏரி, மிச்சிகன்
ஏப்ரல் 30, 1995

அன்புள்ள ரூடி,

முழங்கால் அப்படியேதான். ஒரு வாரம் காய்ச்சல் வந்து போயிற்று. நீ காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா?

விதை வந்தது. மண்ணைச் சோதனைக்கு அனுப்பினேன். எலுமிச்சம்பழத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு, அவ்வளவு புளிப்பு. ஏக்கருக்கு இரண்டு டன் சுண்ணாம்பு போடச் சொல்கிறார்கள். உர்ஹோ தன் டிராக்டரைக் கொடுக்கிறேன் என்றார். பக்கத்து நிலத்தில் தனியாக இருந்து இருந்து அவருக்குப் பேச ஆள் வேண்டும், அதுதான் வாடகை.

"ஏம்மா, ஆயுசு முழுக்க மான் கோஸத் தின்னுடுதுன்னு வேலி போட்டோம். இப்ப நீ தட்டு வச்சுப் பரிமாறப் போறியா?" என்றார்.

"பல் டாக்டருக்காக, உர்ஹோ."

"அப்ப சரி. சுட்டப்புறம் வாயத் தொறந்து சொத்தைப் பல்லு இருக்கான்னும் பாத்துடுவாரு."

நான் எதையும் சுட்டதில்லை, உனக்குத் தெரியும். யாரோ வந்து சுடுவதற்காக வளர்ப்பது எனக்கு ஒப்பவில்லை. மூன்று நாள் யோசித்தேன். இந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் இல்லை என்பதும் அந்த மூன்று நாளில் நன்றாகத் தெரிந்தது. விதைக்கிறேன்.

டின் உணவையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா
ஹெல்வி


கார்ஹு ஏரி
ஜூலை 16, 1995

அன்புள்ள ரூடி,

மே மாதத்திலும் ஜூனிலும் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. முகாமில் எல்லோரும் நலமா? எனக்குக் கொசுக்கடி தவிரக் குறை எதுவும் இல்லை.

குளோவர் முளைத்துவிட்டது. நாலு வாரம் நாணல் வேரோடு மல்லுக்கட்டினேன். கை காய்த்துப்போய், சனிக்கிழமை நூலகத்தில் குழந்தைகளுக்குக் கதை படிக்கப் பக்கம் புரட்டினால் காகிதம் உரசும் சத்தம் கேட்கிறது. அவர்கள் சிரிக்கிறார்கள். டர்னிப்பை ஆகஸ்ட் முதல் வாரம்தான் விதைக்க வேண்டுமாம். முன்னாலேயே போட்டால் முற்றிப்போகும், மான் மூக்கைத் திருப்பிக்கொள்ளும்.

ஜூன் கடைசியில் முதல் பிணைமான் வந்தது. இடது காது கிழிந்தது. பின்னாலேயே இரண்டு குட்டிகள். மறுநாள் இன்னொன்றைக் கூட்டி வந்தது. இப்போது மாலையில் பாத்திரம் கழுவும்போது ஜன்னலுக்கு வெளியே ஒன்பது, பத்து நிற்கின்றன. நான் குழாயைத் திறந்தால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்கின்றன. என்னை இந்த வீட்டோடு சேர்ந்த ஒரு சத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டன. இவ்வளவு நாளில் இங்கே என்னை யாரும் அப்படி ஏற்றுக்கொண்டதில்லை.

உனக்கு இதெல்லாம் சலிப்பாக இருக்கும். ஒரு வரியாவது எழுது.

அக்கா
ஹெல்வி


அலாஸ்கா
ஆகஸ்ட் 20, 1995

அன்பு அக்கா,

நான் நலம். வேலை முறை மாறியதில் கடிதம் எழுதவே நேரமில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் கை எப்படி? வாஸ்லின் தடவு.

பத்து மான் என்று படித்ததும் மேசையைத் தட்டினேன். பிரெவிட்டிடம் சொன்னேன், படம் கேட்கிறார். ஒரு கேமரா அனுப்பியிருக்கிறேன். பயிரில் மான் நிற்பதை எடு. அப்படியே வீட்டின் நான்கு பக்கமும், கொட்டகை, கிணறு, சாவுனா நீராவிக் குளியல் கொட்டகை எல்லாவற்றையும் எடுத்துவிடு. வேட்டைக்கு வருகிறவர்களுக்குத் தங்கும் இடம் தெரிய வேண்டும் அல்லவா?

அவரும் அவர் மச்சானும் இன்னொருவரும் நவம்பர் 14 அன்று வருவார்கள். நன்றாகக் கவனித்துக்கொள். எல்லாம் உன் கையில்தான் இருக்கிறது.

ரூடி


கார்ஹு ஏரி
நவம்பர் 29, 1995

அன்புள்ள ரூடி,

நலமா? எனக்குச் சளி, வந்தவர்கள் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்.

முதலில் உனக்குப் பிடித்த செய்தி. அக்டோபர் உறைபனிக்குப் பிறகு டர்னிப் இலை இனித்துப்போய், மான்கள் பகலிலேயே வந்துவிட்டன. ஒரு மாலையில் நாற்பத்தொன்று எண்ணினேன். கிழங்கைக் காலால் கிளறி எடுத்து ஆப்பிளைப் போலக் கடிக்கின்றன. சதுப்புக்கு அந்தப் பக்கத்து மந்தையும் சேர்ந்துகொண்டது என்கிறார் உர்ஹோ.

விருந்தாளிகள் இரண்டு வாரம் இருந்தார்கள். பிரெவிட் எட்டுக் கிளைக் கொம்புள்ள கலைமான் ஒன்றைச் சுட்டார். உர்ஹோ சொன்னது போலவே வாயைத் திறந்து பல்தேய்மானம் பார்த்து, நாலரை வயது என்றார். வயதைப் பார்க்க எல்லோரும் செய்வதுதான், இருந்தாலும் அவர் செய்தபோது உர்ஹோவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. மூவரும் சாப்பாட்டைக் குறை சொல்லவில்லை. தினம் இறைச்சி அடைத்த பாஸ்டி சுட்டேன், சாவுனாவில் நெருப்புப் போட்டேன், சேற்றுப் பூட்ஸைக் கழுவி வைத்தேன்.

கடைசி நாள் நான் அடுப்படியில் இருந்தபோது கூடத்தில் பிரெவிட்டும் அவர் மச்சானும் பேசிக்கொண்டது இது. சிரிப்பதற்காக எழுதுகிறேன்.

"இந்தச் சுவத்த எடுத்துட்டா பெரிய மேசையாப் போடலாம்டா மச்சான்."

"மெதுவாப் பேசு, அந்தம்மா இருக்காங்க."

"இருந்தா என்ன? மார்ச்சுலயே முன்பணம் குடுத்தாச்சு. எப்பக் காலி பண்றாங்களாம்?"

"மே மாசம்னு ரூடி சொன்னான். மான் பயிர மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போகட்டும்."

நான் போய்க் காபி ஊற்றினேன். சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன். பிரெவிட் இரண்டு ஸ்பூன் போட்டுக்கொண்டார்.

மார்ச் என்றால் நீ எனக்கு முதல் கடிதம் எழுதியதற்கு முந்தின மாதம். அவர்கள் நிறையக் குடித்திருந்தார்கள். உளறியிருப்பார்கள், அப்படித்தானே?

அக்கா
ஹெல்வி


அலாஸ்கா
டிசம்பர் 22, 1995

அன்பு அக்கா,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். சளி குறைந்ததா?

எப்படிச் சொல்வது என்று யோசித்தே நாள் போய்விட்டது. நான் ஆங்கரேஜில் டெனிஸ் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன். அவளுக்குச் சொந்த வீடு வேண்டும். அந்த நிலத்தைத் தவிர என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

இன்னும் பத்திரம் முடியவில்லை. பனி விலகியதும் ஏப்ரலில் பிரெவிட் வந்து, குளிரைத் தாண்டி எத்தனை மான் மிஞ்சியிருக்கிறது என்று எண்ணுவார். மந்தை இருந்தால் மே முதல் தேதி கையெழுத்து. இல்லாவிட்டால் அவர் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு விலகிக்கொள்ளலாம் என்று எழுத்தில் இருக்கிறது. அதனால் இப்போதும் எல்லாம் உன் பயிரை நம்பித்தான் இருக்கிறது.

கோபப்படுவாய். முதலிலேயே சொல்லியிருந்தால் நீ விதைத்திருப்பாயா? உண்மையைச் சொல்.

டவுனில் வயதானவர்களுக்கான குடியிருப்பில் அறை காலியாக இருக்கிறதாம். நாற்பத்தேழு வயதென்றாலும் பேசிப் பார்க்கலாம் என்றார்கள். வெந்நீர் அவர்களே கொடுக்கிறார்கள்.

ரூடி


கார்ஹு ஏரி
ஜனவரி 26, 1996

அன்புள்ள ரூடி,

கல்யாணச் செய்தியில் மகிழ்ச்சி. டெனிஸை விசாரித்ததாகச் சொல். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுவிட்டது. நடுவில் ஒரு நாள் மழை பெய்து மேலே ஓடாக உறைந்ததில் டர்னிப்பெல்லாம் அடியில் மாட்டிக்கொண்டது. மான்கள் கிளறிப் பார்த்துவிட்டுக் கால் கிழிந்து திரும்பிப் போகின்றன. சதுப்பில் சீடர் மரங்களின் இலையை எட்டிய உயரம்வரை தின்றாகிவிட்டது. பின்னங்காலில் நின்று எட்டுகின்றன. காது கிழிந்தவளின் விலாவை இங்கிருந்தே எண்ணலாம்.

ஏப்ரலில் பிரெவிட் எண்ணுவதற்கு மந்தை வேண்டும் என்றாயே. சோளம் போடலாம் என்று நினைக்கிறேன். இங்கே எத்தனையோ பேர் போடுகிறார்கள். வாங்க எனக்கு வசதி இல்லை. தீவனக் கடையில் உன் பெயரைச் சொல்லிவைத்தால் அவர்களே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். நிறைய வேண்டும். பசியில் இருப்பவற்றுக்கு அரைகுறையாகக் கொடுக்கக் கூடாது.

அக்கா
ஹெல்வி


அலாஸ்கா
பிப்ரவரி 9, 1996

என் அருமை அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும். உன் கடிதத்தைப் பிரிக்கவே பயந்துகொண்டிருந்தேன். திட்டியிருப்பாய் என்று நினைத்தேன். நீயோ அந்த ஜீவன்களுக்காகக் கேட்கிறாய். டெனிஸிடம் படித்துக் காட்டினேன். "இப்படி ஒரு மனுஷிய வீட்டவிட்டு அனுப்பறோமே ரூடி" என்று கண் கலங்கினாள்.

அறுபது மூட்டைக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வரும். போதாவிட்டால் இன்னும் வாங்கிக்கொள். அள்ளிப் போடு. வயிறு நிறையட்டும்.

ரூடி


கார்ஹு ஏரி
மார்ச் 18, 1996

அன்புள்ள ரூடி,

நலம். உங்கள் இருவர் நலமும் அறிய ஆவல்.

சோளம் போட்ட மூன்றாம் நாள் காலை கொட்டகை ஓரத்தில் இரண்டு குட்டிகள் படுத்திருந்தன. மத்தியானத்துக்குள் ஏழு. அந்த வாரக் கடைசியில் முப்பத்தெட்டு. சில நின்றபடியே நடுங்கிவிட்டு விழுந்தன. சில சோளக் குவியலின் மேலேயே கிடந்தன. எல்லாமே வயிறு உப்பி, நன்றாக வளர்ந்தவை மாதிரி இருந்தன.

உர்ஹோ வனத்துறைக்குச் சொல்லியிருக்கிறார். ஓர் அதிகாரி வந்து மூன்றை அறுத்துப் பார்த்தார். வயிறு நிறையச் சோளம், புளித்துப்போய். பிணைமான்கள் இரண்டுக்குள்ளும் இரண்டிரண்டு குட்டிகள் இருந்தன, பூனைக்குட்டி அளவில்.

"யாருங்க சோளம் போட்டது?"

"நான்தான்."

"மனசு கேக்கலை உங்களுக்கு. வருஷா வருஷம் யாராவது பண்றதுதாங்க. குளிர்காலத்துல அதுங்க வயிறு சுள்ளிக்கும் பட்டைக்கும்னு மாறிடும். திடீர்னு இவ்வளவு சோளம் உள்ள போனா, செரிக்காம விஷமாயிடும். விட்டிருந்தீங்கன்னா எலும்பும் தோலுமா இருந்திருக்கும், ஆனா முக்காவாசி பொழச்சிருக்கும்." பிறகு மெதுவாக, "தெரியாதுங்களா?" என்றார்.

"தெரியாது" என்றேன்.

உர்ஹோ பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு வேலியைத் தாண்டித் தன் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை.

பிரெவிட்டிடம் நீயே சொல்லிவிடு. எண்ண வர வேண்டியதில்லை. அவர் விலகிக்கொண்டால் வீட்டு வரிக்கு நான் மறுபடி பள்ளிக்கூட வேலை தேடிக்கொள்கிறேன். உனக்குச் சிரமம் வைக்க மாட்டேன்.

அக்கா
ஹெல்வி


அலாஸ்கா
ஏப்ரல் 5, 1996

அன்பு அக்கா,

உடம்பைத் தேற்றிக்கொள். பாவம், எவ்வளவு நொந்துபோயிருப்பாய். தெரியாமல் நடந்ததற்கு உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே.

பயந்து பயந்துதான் பிரெவிட்டுக்கு போன் போட்டேன். மனிதர் சிரிக்கிறார்! "நல்லதாப் போச்சு ரூடி. எப்படியும் அந்தக் காட்டு மானையெல்லாம் வெரட்டிட்டுத்தான் வேலி போடணும்னு இருந்தேன்" என்றார். நாற்பது ஏக்கரையும் பத்தடி வேலியால் வளைத்து, பண்ணையிலிருந்து கொம்புக்காகவே வளர்த்த கலைமான்களை இறக்கப் போகிறாராம். நவம்பரில் அவருக்குப் பிடித்துப்போனது மண்தானாம். அந்த மண்ணில் அப்படி ஒரு குளோவர் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மே முதல் தேதி கையெழுத்து.

இன்னொரு நல்ல செய்தி. "அந்தப் பயிர் வச்ச அம்மா வேலைக்கு வருவாங்களா?" என்று கேட்டார். இந்த வருஷம் எட்டு ஏக்கர் விதைக்க வேண்டுமாம். மாதச் சம்பளம். வீட்டில் அவர்கள் தங்குவார்கள், ஆனால் சாவுனாக் கொட்டகையில் ஓர் அறையை ஒழித்துத் தருகிறேன் என்கிறார். அங்கேயே இருக்கலாம் அக்கா! நீ கேட்டது அதுதானே?

ஒரே ஒரு உதவி. அவர் வருவதற்குள் செத்தவற்றையெல்லாம் இழுத்துப் போட்டுவிடு. பனி உருகினால் நாறும்.

ரூடி


கார்ஹு ஏரி
ஏப்ரல் 21, 1996

அன்புள்ள ரூடி,

நலம். முழங்கால் மட்டும் மறுபடி வீங்கியிருக்கிறது. முப்பத்தெட்டையும் சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துச் சதுப்பில் போட ஒன்பது நாள் ஆயிற்று. தனியாகத்தான் செய்தேன். மிஞ்சிய மூன்றைப் பிறகு பார்க்கவில்லை.

தெரியாமல் நடந்தது என்று எழுதியிருக்கிறாய். பதினாறு வருஷம் உயிரியல் நடத்தியவளுக்கு மான் வயிற்றைப் பற்றித் தெரிந்திருக்காதா என்று உனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் அவற்றின் வயிறு பழகிக்கொள்ளும். அதனால்தான் முதல் நாளே இருபது மூட்டையைப் பிரித்துக் கொட்டினேன். "வேணாம் ஹெல்வி, சீடர் கிளைய வெட்டிப் போடு, அது போதும்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உர்ஹோ கத்தினார். காது கேட்காதவள் போல அடுத்த மூட்டையைப் பிரித்தேன். காது கிழிந்தவள்தான் முதலில் வந்தாள். ஜன்னலில் குழாயைத் திறக்கிறவள்தானே இவள் என்று நினைத்தாளோ என்னவோ, கைக்கு எட்டும் தூரத்தில் நின்று தின்றாள். நானும் நின்று பார்த்தேன்.

மந்தை இல்லாவிட்டால் வீடு என்னிடம் நிற்கும் என்று நினைத்தேன். நீ எழுதிக்கொடுத்த கணக்குதான் அது.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். மூட்டைகள் உன் பெயரில் வந்தவை, உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். டெனிஸுக்குப் படித்துக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம்.

சாவுனா அறைக்கு நேற்றே கட்டிலை மாற்றிவிட்டேன். வேலைக்குச் சம்மதம் என்று பிரெவிட்டிடம் சொல். எட்டு ஏக்கருக்கு அறுபது பவுண்டுக்குக் குறையாமல் குளோவர் விதை வேண்டும், சுண்ணாம்பு தனி. பண்ணை மான்கள் எந்தத் தேதியில் இறங்குகின்றன என்றும் கேட்டு எழுது. புது இடத்துக்குப் பசியோடு வந்து இறங்குகிற மிருகங்களுக்கு முதல் நாள் என்ன போடுவது என்பதை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு என்னால் வர முடியாது. அது விதைப்புக் காலம்.

அக்கா
ஹெல்வி